ஆம்ட்ராக் ரயிலில் அமெரிக்க நகரங்கள்: ஒரு பொன்மலைக்காரனின் மதிப்பீடு

"அமெரிக்காவில் ரயிலெல்லாம் உருப்படியா ஓடுதா சார்?" என்று என்னிடம் கேட்காத ரயில்வே நண்பர் இல்லை. ஓடுகிறது. நிதானமாக ஓடுகிறது. வாஷிங்டன், சிகாகோ, சான் பிரான்சிஸ்கோ, லாஸ் ஏஞ்சலஸ் ஆகிய நகரங்களை நானும் மனைவியும் அந்த நாட்டின் பயணிகள் ரயில் நிறுவனமான ஆம்ட்ராக்கின் ரயில்களிலேயே போய்ப் பார்த்துவிட்டு வந்தோம். ஒரு மாதத்தை ஒட்டிய சுற்று. கையில் அவ்வளவு நாள் இருப்பவர்களுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது என்பது என் முடிவு. பத்து நாளில் அத்தனையும் பார்த்தாக வேண்டும் என்பவர்கள் விமானத்தில் போவதே சரி.

நான் திருச்சி பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் கோச் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பெட்டியைத் தூக்கி, போகியை, அதாவது சக்கரங்கள் மாட்டிய அடிச்சட்டத்தை உருவி, பிரேக்கைச் சரிபார்த்துத் திரும்ப ஓட்டத்துக்கு அனுப்புவதுதான் என் வேலை. ஆகவே இந்த மதிப்பீட்டில் சீட்டும் சாப்பாடும் மட்டும் இருக்காது. சக்கரமும் தண்டவாளமும் கொஞ்சம் வரும்.

மகள் இருப்பது நியூ ஜெர்ஸியில், எடிசன் பக்கம். "அப்பா, டூர் பேக்கேஜ் ஒண்ணு பார்த்து வெச்சிருக்கேன்" என்று ஒரு திட்டத்தைக் காட்டினாள். தினமும் விடியற்காலை பஸ் ஏற வேண்டும், ஒவ்வோர் ஊரிலும் ஓர் இரவு, இடையில் மூன்று விமானங்கள். மனைவிக்கு முழங்கால் தொந்தரவு உண்டு. அவள் அதை முழுக்கப் படித்துவிட்டு, "என்னங்க, இதுல பெட்டி கட்டி அவிழ்க்கவே நேரம் பத்தாது போலிருக்கே" என்றாள். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அப்புறம் நாங்களே உட்கார்ந்து போட்டது இது. முதலில் நீண்ட ரயிலைத் தேர்ந்தெடுத்தோம், நகரங்களை அதன் இரண்டு பக்கமும் கோர்த்தோம். பலரும் நகரங்களை முதலில் முடிவு செய்து, அப்புறம் வண்டி தேடுகிறார்கள். ரயிலுக்கு அது ஒத்துவராது. அமெரிக்காவில் தொலைதூர வண்டி என்றால் பெரும்பாலும் ஒரு நாளைக்கு ஒன்று. நியூ ஆர்லியன்ஸிலிருந்து லாஸ் ஏஞ்சலஸ் போகும் சன்செட் லிமிடெட் வாரத்துக்கு மூன்று நாள்தான் ஓடுகிறது. அதைப் பார்க்காமல் ஹோட்டல் போட்டால் இரண்டு நாள் சும்மா உட்கார வேண்டிவரும். எங்கள் திட்டத்துக்கு முதுகெலும்பு கலிஃபோர்னியா ஸெஃபிர். சிகாகோவிலிருந்து சான் பிரான்சிஸ்கோ பக்கம் போகும் வண்டி; தினமும் ஓடுகிறது, மதியம் 2 மணிக்குக் கிளம்புகிறது. அந்தத் தேதியை முதலில் பிடித்தோம். மற்றதெல்லாம் தானாகச் சேர்ந்தது.

கட்டணம் நம் ஐஆர்சிடிசி போல ஒரே விலையில் நிற்பதில்லை. விமான டிக்கெட்டைப் போல, இடம் குறையக் குறைய விலை ஏறும். ஏறக்குறைய 11 மாதம் முன்னதாகவே பதிவு திறந்துவிடுகிறது. படுக்கை அறைக்கு முந்திக்கொள்வது மிக அவசியம். கடைசி நேரத்தில் பார்த்தால் விலை இரண்டு மடங்குகூட இருக்கும். படுக்கை அறைக்கான தொகை அறைக்குத்தான், தலைக்கு இல்லை. இருவருக்கும் ரயில் கட்டணம் மட்டும் தனித்தனி. தனியாகப் போகிறவருக்கு அது பெரிய செலவு, தம்பதிக்கு நியாயமான செலவு. 65 வயது ஆனவர்களுக்கு ரயில் கட்டணத்தில் 10 சதவீதம் கழிவு உண்டு. எனக்குக் கிடைத்தது, மனைவிக்கு இன்னும் வயது வரவில்லை.

இளையவர்களுக்கு வேறு வழி இருக்கிறது. யூஎஸ்ஏ ரயில் பாஸ் என்று ஒன்று, 499 டாலர், 30 நாளில் 10 முறை ஏறலாம். வண்டி மாறினால் அது தனிக் கணக்கு. உட்காரும் சீட்டுக்கு மட்டும்தான் செல்லும். அசெலா அதிவேக வண்டியில் செல்லாது. முதுகு நன்றாக இருக்கிற வயதில், நாலைந்து பெரிய நகரங்களைச் சுற்ற இதைவிட மலிவான வழி எனக்குத் தெரியவில்லை. எங்களுக்கு ஸெஃபிரில் படுக்கை வேண்டும் என்பதால் பாஸ் எடுக்கவில்லை, டிக்கெட்டைத் தனித்தனியாக வாங்கினோம்.

முதல் வண்டி மெட்ரோபார்க் ஸ்டேஷனிலிருந்து வாஷிங்டனுக்கு, நார்த்ஈஸ்ட் ரீஜனல். அந்தப் பெட்டிகளை 1970களில் பட் என்ற கம்பெனி கட்டியது. துருப்பிடிக்காத எஃகு உடம்பு, குழாய் மாதிரி வளைவு. இத்தனை வருஷம் கழித்தும் ஓட்டம் சுத்தமாக இருந்தது. பாஸ்டன் - நியூயார்க் - வாஷிங்டன் தடத்தில் பெரும்பகுதி ஆம்ட்ராக்கின் சொந்தத் தண்டவாளம், முழுக்க மின்மயம். 2025 ஆகஸ்டில் இறங்கிய புது அசெலா இதே தடத்தில்தான் மணிக்கு 257 கிலோமீட்டர் வரை போகிறது. விலை அதிகம். வாஷிங்டன் வரை அரை மணி நேரத்தை மிச்சப்படுத்த நாங்கள் அந்தப் பணத்தைக் கொடுக்கவில்லை.

வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகங்கள் எல்லாவற்றுக்கும் அனுமதி இலவசம் என்பதைத் தமிழ்நாட்டிலிருந்து போகிறவர்கள் குறித்துக்கொள்ளுங்கள். மூன்று நாள் தாராளமாக ஒதுக்கலாம். எனக்கு அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகம் ஒன்றே போதும் என்று ஆகிவிட்டது. உள்ளே 1926இல் கட்டிய நீராவி இன்ஜின் நிற்கிறது, எண் 1401. பச்சை வண்ணம், பொன்னிற வரிகள். இன்ஜினுக்குப் பின்னால் கரியும் தண்ணீரும் சுமக்கும் டெண்டரின் பக்கவாட்டில் கொட்டை எழுத்தில் 'சதர்ன்'. அமெரிக்காவிலும் சதர்ன் ரயில்வே என்று ஒரு கம்பெனி இருந்தது, அதன் இன்ஜின் இது. சம்பளச் சீட்டிலும், பாஸிலும், வேலை செய்த ஒவ்வொரு பெட்டியின் மேலும் பார்த்த பெயர் அது. பிஸ்டன் ராடு, கிராஸ்ஹெட், வால்வ் கியர் என்று ஒவ்வொன்றாக மனைவிக்குக் காட்டினேன். பக்கத்தில் நின்ற ஒரு பள்ளிக்கூடப் பையனும் சேர்ந்து கேட்டுக்கொண்டான்.

வாஷிங்டனிலிருந்து சிகாகோவுக்கு ஃபிளோரிடியன். 2024 நவம்பரில் இரண்டு பழைய வண்டிகளை இணைத்து மயாமியிலிருந்து வாஷிங்டன் வழியாக சிகாகோ போகும்படி செய்த வண்டி இது. ஓர் இரவுதான் என்பதால் உட்காரும் சீட்டு. நம் ஊர் சேர் காரைவிட அகலம், கால் நீட்டும் இடம் தாராளம், காலுக்குத் தாங்கலும் உண்டு. போர்வையும் தலையணையும் நம்முடையதுதான்; மகள் கட்டிக்கொடுத்த இரண்டு சால்வைகள் உதவின. மாலை வெளிச்சத்தில் ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரி வருகிறது. இரண்டு ஆறுகள் கூடுமிடம், அதன்மேல் பாலம். அதற்கப்புறம் இருட்டு.

சிகாகோவுக்கு இன்னும் ஒரு நாள் கூட்டியிருக்கலாம் என்று மனைவி சொன்னாள், எனக்கும் அதே எண்ணம்தான். யூனியன் ஸ்டேஷனின் பெரிய மண்டபம் 1925இல் திறந்தது. நீண்ட மரப் பெஞ்சுகள், மேலே கண்ணாடிக் கூரை. நகரத்துக்குள் தலைக்கு மேலே ஓடுகிற 'எல்' ரயில் இன்னும் இரும்புத் தூண்களின்மேல்தான் ஓடுகிறது. நடுவில் அது சுற்றுகிற வளையம் 1897இல் முழுமையானது. தெற்கே கிரிஃபின் அறிவியல் தொழில் அருங்காட்சியகத்தில் பயோனியர் ஸெஃபிர் இருக்கிறது. 1934 மே 26 அன்று டென்வரிலிருந்து சிகாகோவுக்கு விடியலில் கிளம்பி இருட்டுவதற்குள் வந்து சேர்ந்த டீசல் வண்டி. நாங்கள் ஏறப்போகிற வண்டியின் பெயருக்கு மூதாதை அதுதான். ஸெஃபிர் ஏறுவதற்கு முந்தின நாள் அதைப் பார்த்துவிடுங்கள், பயணத்துக்கு ருசி கூடும்.

ஹோட்டல் விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. இந்த நகரங்களில் அறை வாடகைக்கு மேல் வரி கணிசமாக ஏறும், சிகாகோவில் 17 சதவீதத்துக்கு மேல். ஓர் ஊரில் நாங்கள் தங்கிய ஹோட்டல், வசதிக் கட்டணம் என்று ஒரு தொகையை, அறைக்குப் போன பிறகு கணக்கில் சேர்த்தது. தண்ணீர் பாட்டிலும் வைஃபையும் தவிர அதில் ஒன்றுமில்லை. மகள் தொலைபேசியில் பேசிப் பாதியைத் திரும்ப வாங்கினாள். பதிவு செய்யும்போதே 'மொத்தம் எவ்வளவு' என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இனி ஸெஃபிர். சிகாகோவிலிருந்து சான் பிரான்சிஸ்கோ எதிர்க்கரையில் இருக்கும் எமெரிவில் வரை 3,900 கிலோமீட்டருக்கு மேல். இரண்டு இரவு, ஏறத்தாழ 52 மணி நேரம். வண்டி முழுக்க இரட்டை மாடி. சூப்பர்லைனர் என்று பெயர். முதல் தொகுதியைப் புல்மன்-ஸ்டாண்டர்ட் கம்பெனி 1979 முதல் கட்டிக்கொடுத்தது. ஒரு பெட்டியிலிருந்து அடுத்த பெட்டிக்குப் போகும் வழி மேல் மாடியில் மட்டும்தான். ஆகவே முழங்கால் வலி உள்ளவர்கள் ஒரு முறை படியேற வேண்டியிருக்கும்; படி குறுகல், நடுவில் திரும்பும். முடியாதவர்களுக்குக் கீழ்மாடியில் அறைகள் இருக்கின்றன, பதிவு செய்யும்போதே கேட்க வேண்டும். நாங்கள் கீழ்மாடிதான் எடுத்தோம். கழிப்பறையும் குளியலறையும் அங்கேயே இருப்பது பெரிய சௌகரியம்.

ரூமெட் என்கிற சிறிய அறை ஆறரை அடிக்கு மூன்றரை அடி. அவ்வளவுதான். இரண்டு சீட் எதிரெதிரே, நடுவில் மடக்கு மேசை, பெரிய ஜன்னல், கண்ணாடிக் கதவு, திரைச்சீலை. இரவு அட்டெண்டன்ட் வந்து படுக்கை போடுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். இரண்டு சீட்டையும் முன்னால் இழுக்கிறார். முதுகுப் பலகை சரிந்து வந்து நடுவில் ஒன்றோடொன்று சேர்ந்து ஒரே பலகையாகிறது. மேல் பெர்த் கூரையை ஒட்டி மடங்கிக் கிடக்கிறது. கைப்பிடியைத் திருப்பினால் கீழே இறங்கித் தாழ்ப்பாளில் உட்காருகிறது. மெத்தைகள் அதற்குள்ளேயே இருக்கின்றன. ஒன்றை எடுத்துக் கீழே விரிக்கிறார். மேலே படுப்பவர் உருளாமல் இருக்கக் கூரையில் கொக்கி மாட்டிய பட்டைகள். எல்லாம் ஐந்து நிமிஷம். தாழ்ப்பாள் விழும் சத்தத்திலேயே பராமரிப்பு எப்படி என்று சொல்லிவிடலாம். அது கெட்டியாக விழுந்தது. கீழ் பெர்த் நம் ஸ்லீப்பர் பெர்த்தைவிட அகலம், மேல் பெர்த் ஏறக்குறைய நம்முடையது அளவுதான். பருமனானவர்களுக்கும் இரவில் அடிக்கடி எழுந்து போகிறவர்களுக்கும் மேல் பெர்த் ஆகாது.

மறுநாள் காலை டென்வரில் வண்டி அரை மணிக்கு மேல் நிற்கிறது. இறங்கிப் போய்ப் பெட்டிகளின் இணைப்பைப் பார்த்தேன். நம் புது வகை எல்எச்பி கோச்சுகளில் வந்திருக்கும் அதே வகை சென்டர் பஃபர் கப்ளர், நடுவில் பூட்டிக்கொள்ளும் இணைப்பு. தண்டவாள அகலம் 1,435 மில்லிமீட்டர், நம் அகலப்பாதை 1,676. குறுகலான பாதையில் ஐந்து மீட்டர் உயர இரட்டை மாடிப் பெட்டி இவ்வளவு நிதானமாகப் போகிறது என்றால் அந்த ஏர் ஸ்பிரிங் போகியைப் பாராட்டத்தான் வேண்டும். கிளம்பிய கொஞ்ச நேரத்தில் வண்டி ராக்கி மலையில் வளைந்து வளைந்து ஏறுகிறது. அப்போது அறையில் உட்காராதீர்கள். சைட்ஸீயர் லவுஞ்ச் என்று ஒரு பெட்டி, ஜன்னல் கூரைவரை வளைந்து போகிறது, சீட்டெல்லாம் ஜன்னலைப் பார்த்தே திருப்பிப் போட்டிருக்கிறது. டென்வரிலேயே போய் இடம் பிடித்துவிட வேண்டும்.

மாஃபட் சுரங்கம் வருவதற்கு முன் அறிவிப்பு வந்தது: பத்து நிமிஷத்துக்கு யாரும் பெட்டி விட்டுப் பெட்டி போகக் கூடாது, கதவைத் திறக்கக் கூடாது. 1928இல் திறந்த சுரங்கம், சுமார் 10 கிலோமீட்டர். முன்னால் இரண்டு டீசல் இன்ஜின். கதவு திறந்தால் புகை உள்ளே வந்துவிடும். வெளியே வந்ததும் கண்டப் பிரிகோட்டைத் தாண்டிவிட்டோம். ஆறுகள் இனி மேற்கே ஓடும். அங்கிருந்து மணிக்கணக்காகக் கொலராடோ ஆறு கூடவே வருகிறது. ரோட்டில் போனால் இதில் பல இடங்களைப் பார்க்கவே முடியாது. கிளென்வுட் பள்ளத்தாக்கில் இருபுறமும் செங்குத்துப் பாறை. மனைவி கையிலிருந்த பின்னலை மடியில் வைத்துவிட்டாள், அதை எடுக்கவே இல்லை.

சாப்பாடு படுக்கை அறைக்காரர்களுக்குக் கட்டணத்திலேயே சேர்த்தி. மேசைக்கு நாலு பேர். இடம் இருக்கும் மேசையில் உட்கார வைப்பார்கள். அப்படித்தான் நெப்ராஸ்காவிலிருந்து வந்த ஒரு விவசாயத் தம்பதியோடு சாப்பிட்டோம். சோளம், தண்ணீர், கிணறு என்று பேச்சு காவிரி டெல்டா வரை போனது. சைவத்துக்கு இரவில் பாஸ்தா இருந்தது, காலையில் பான்கேக், முட்டை. மூன்று நாள் பாஸ்தா நம் நாக்குக்குப் போதாது. புளியோதரைப் பொடியும் ஊறுகாயும் வைத்துக்கொள்ளுங்கள். வெந்நீர் கேட்டால் கொடுக்கிறார்கள், ரெடிமேட் உப்புமாவுக்குப் போதும்.

நேரம் தவறுவதைப் பற்றி எல்லோரும் கேட்பார்கள். தொலைதூர வண்டிகள் தாமதமாவது சகஜம், அதன் காரணம் தெரிந்தால் கோபம் குறையும். கிழக்குக் கடற்கரையை விட்டால் தண்டவாளம் பெரும்பாலும் சரக்கு ரயில் கம்பெனிகளுடையது. ஸெஃபிர் டென்வர் வரை பிஎன்எஸ்எஃப் பாதையில் ஓடுகிறது, அதற்கப்புறம் யூனியன் பசிஃபிக் பாதை. பயணிகள் வண்டிக்கு முன்னுரிமை தர வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. ஆனால் ஒற்றைப் பாதையில், எதிரே வரும் சரக்கு வண்டி, வண்டிகள் ஒதுங்கி வழிவிடும் லூப் லைனைவிட நீளமாக இருந்தால், அதை எப்படி ஒதுக்குவது? பயணிகள் வண்டிதான் லூப்பில் ஒதுங்கி நிற்க வேண்டும். அது கன்ட்ரோலரின் தவறும் இல்லை, டிரைவரின் தவறும் இல்லை. ஆகவே ரயில் வந்து சேரும் நாளில் விமானமோ, நாடக டிக்கெட்டோ, யாரையாவது பார்க்கும் வேலையோ வைக்காதீர்கள். ரயில் மாறுவதானால் இரண்டு வண்டியையும் ஒரே பதிவில் வாங்குங்கள். முதல் வண்டி தாமதமாகி அடுத்தது போய்விட்டால் மாற்று ஏற்பாடு செய்வது அப்போது ஆம்ட்ராக்கின் பொறுப்பு.

எமெரிவில்லிலிருந்து ஆம்ட்ராக் பஸ்ஸே பாலம் தாண்டி சான் பிரான்சிஸ்கோவுக்குள் கொண்டுவிடுகிறது. அந்த ஊரில் மற்றதைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் கேபிள் காரைப் பற்றி மட்டும் சொல்கிறேன். 1873இலிருந்து ஓடுகிறது. வண்டியில் மோட்டார் கிடையாது. தெருவுக்கு அடியில் இரும்புக் கயிறு மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கும். ஓட்டுபவர் ஒரு நெம்புகோலால் அதைக் கவ்விப் பிடிக்கிறார், விட்டால் வண்டி நிற்கத் தயாராகிவிடும். செங்குத்தான இறக்கத்தில் தண்டவாளத்தின்மேல் அழுந்துவது மரக்கட்டை பிரேக்! சில நாட்களுக்கு ஒரு தடவை கட்டையை மாற்றுகிறார்கள். வண்டியில் ஏறக் கட்டணம் உண்டு, ஆனால் வாஷிங்டன் - மேசன் தெரு முனையில் இருக்கும் கேபிள் கார் அருங்காட்சியகம் இலவசம். கயிற்றை இழுக்கும் பெரிய சக்கரங்கள் சுழல்வதை மேலே நின்று பார்க்கலாம். பிரேக் வேலை பார்த்தவன் என்பதால் சொல்கிறேன், அந்தக் கட்டிடத்துக்காகவே அந்த ஊருக்கு இன்னொரு தடவை போவேன்.

லாஸ் ஏஞ்சலஸுக்கு கோஸ்ட் ஸ்டார்லைட். ஓக்லாந்தில் காலையில் ஏறினால் இரவு ஒன்பது மணி வாக்கில் இறங்கலாம். பகல் பயணம் என்பதால் படுக்கை தேவையில்லை. தெற்கே போகும்போது வலப்பக்கம் உட்கார வேண்டும். சான் லூயிஸ் ஒபிஸ்போவைத் தாண்டியபின் பசிபிக் கடல் ஜன்னலுக்குக் கீழேயே வந்துவிடும். அதில் ஒரு பகுதி ராணுவத் தளத்துக்குள் போவதால் பொதுச் சாலையே கிடையாது. லாஸ் ஏஞ்சலஸ் எங்களுக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. தூரம் தூரமாக இருக்கிறது, கார் இல்லாமல் சிரமம். இரண்டு நாள் போதும். யூனியன் ஸ்டேஷனின் மரம்போலத் தெரியும் கூரையும் தோல் நாற்காலிகளும் மட்டும் அரை மணி உட்கார்ந்து பார்க்க வேண்டியவை. அங்கிருந்தே விமான நிலையத்துக்கு நேரடி பஸ் இருக்கிறது. திரும்பி வர விமானம்தான். அதே தூரத்தை மறுபடி ரயிலில் வர மனைவியின் முழங்கால் ஒப்பவில்லை.

கனடாவையும் சேர்க்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நியூயார்க்கிலிருந்து டொரான்டோவுக்கு மேப்பிள் லீஃப் காலையில் கிளம்புகிறது, பகல் முழுக்கப் பயணம், நயாகராவில் எல்லைச் சோதனை. அங்கிருந்து மான்ட்ரியாலுக்குக் கனடாவின் வியா ரயிலில் சுமார் ஐந்து மணி நேரம்; மான்ட்ரியாலிலிருந்து அடிரான்டாக் வண்டியில் நியூயார்க் திரும்பினால் ஒரு வட்டம் முடிந்துவிடும். இந்தியப் பாஸ்போர்ட்டுக்குக் கனடா விசா தனியாக வேண்டும், அதை அமெரிக்கப் பயணத்துக்கு முன்பே ஊரிலிருந்து வாங்கிவிடுவது நல்லது. கோடையில் போவதானால் அடிரான்டாக் மான்ட்ரியால் வரை ஓடுகிறதா என்று முதலில் பாருங்கள். 2023, 2024 கோடைகளில் அந்தப் பகுதியை நிறுத்தி வைத்திருந்தார்கள். டொரான்டோவின் ஸ்கார்பரோவில் மச்சினன் வீடு இருப்பதால் அடுத்த வருஷம் எங்கள் திட்டம் அதுதான். மேப்பிள் லீஃபுக்குத்தான் முதலில் தேதி போட்டிருக்கிறோம்.